பெயரில்லாத வரி

கேப்டவுன்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ்ஸி எழுதுறேன். கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா? செம்பாக்கத்துல மழை விட்டுச்சா?

என் வேலைதான் தெரியுமே. அந்தக் காலத்துல நம்ம கடற்கரை ஊர்கள்லேர்ந்து அடிமைகளா இங்க கொண்டுவரப்பட்டவங்க பட்டியலை கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். போன வாரம் ஒரு பெரியவர் கப்பல் பேரைச் சொல்லி, அதுல கைக்குழந்தையா வந்த தன் மூதாதையைத் தேடித் தரச் சொன்னார். தேடிப் பார்த்துட்டு, அப்படி யாருமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் பழைய ஏட்டைப் புரட்டினா, ஒரு தாய் பேருக்குக் கீழ ‘பெண் குழந்தை, பெயரில்லை’ன்னு இருக்கு. பேர் இல்லையேன்னு அந்த வரியை ஏத்தாம விட்டது நான்தான். அவர் போன் நம்பரைக்கூட வாங்கி வைக்கலை. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க.

இட்லிப் பொடி தீர்ந்துடுச்சு, அனுப்புங்க. தனியா சாப்பிட அதுதான் சுலபம்.

இன்னொண்ணும்மா. எனக்கும் தம்பி ஷெர்வினுக்கும் நடுவுல பிறந்து, ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே போயிட்ட பாப்பாவை நம்ம பேரெல்லாம் எழுதியிருக்கிற பைபிள் முதல் பக்கத்துல எழுத நீங்க ஒரு தடவை பேனா எடுத்தீங்க. ‘பேரே வைக்கலையே, என்னன்னு எழுதுவீங்க’ன்னு தடுத்ததும் நான்தான். இப்போ எழுதிடுங்க. இடம் இல்லைன்னா என் பேர் பக்கத்துலயே எழுதுங்க.

பஸ் வந்துடுச்சு.

பிளஸ்ஸி