பாப்பாவுக்காக மாட்டிய கேமரா

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ போனையே தொடுவதில்லை என்று உன் தம்பி சொன்னான். அதனால் தாளில் எழுதுகிறேன்.

நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "கேமராவ யாரும் ஹேக் பண்லப்பா. கரெக்டா பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள வந்துகீறான். யாருக்குக் குடுத்தே?" என்றார் ஏட்டு.

நீ தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தபோது பாப்பாவுக்கு வலிப்பு வந்ததே, அந்தப் பயத்தில் வாங்கிய கேமரா. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் எங்கே பார்ப்பது? என்னோடு ஹாஸ்டலில் தங்கி, எதிர் ஷிஃப்டில் வேலை பார்க்கும் பையன்கள் நான்கு பேரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து, "அப்பப்ப பாத்துக்கிடுங்கடே, பிள்ளைக்கு ஏதும்னா வீட்டுக்குப் போன் போடுங்க" என்றேன்.

நம் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. நீ புடவை மாற்றுவதும் அங்கேதான். அது என் புத்தியில் ஏறவில்லை. நால்வரும் சாமி மேல் சத்தியம் செய்கிறார்கள். எவன் வீடியோவை வெளியே விட்டானோ, எத்தனை பேர் பார்த்தார்களோ.

அந்த வீடியோ உன் தம்பி போனுக்கே வந்த அன்று, முகம் தெரியாத திருடனை நீ சபித்தாய். நானும் கூடச் சேர்ந்து சபித்தேன். திருடன் யாரும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

கேமராவை மாட்டும்போது, "இது என்னையும் காட்டுமா?" என்று கேட்டாய். "பிள்ளைய மட்டுந்தான்" என்று சொன்னவன் நான்.

மண்ணூர் ஹாஸ்டல் அறையிலிருந்து,
பாப்பாவின் அப்பா