இருபத்திரண்டு காட்டுற வண்டி

“வண்டியை எடுங்க, எஸ்தர் அக்காவுக்கு ஆபரேஷன், அதுக்கு முன்னாடி அவ முகத்தைப் பார்த்துடணும்.”

“இங்க இருக்கிற ரிச்சர்ட்ஸ் டவுனுக்கா? ஹைபிரிட் கார்ல குட்டி ஓட்டம் ஓட்டினா, இஞ்சின் சூடாகறதுக்குள்ள பெட்ரோலைக் குடிச்சு...”

“அவ என் கூடப்பிறந்தவ!”

“...இருபத்திரண்டு காட்டுற மைலேஜ் இருபதுக்கு இறங்கிடும்டி!”

இதுக்கு மேல உங்ககிட்ட என்ன பேச? அதான் இந்தச் சீட்டை எழுதி வச்சிருக்கேன். நீங்க வாக்கிங் போனதும் ஆட்டோ பிடிச்சுக் கிளம்பிட்டேன். கார் சாவி டிவி பக்கத்துலதான் இருக்கு, நான் தொடலை. ரசம் வச்சிருக்கேன், அப்பளம் நீங்களே பொரிச்சுக்குங்க. ராத்திரி அக்காகூடத் தங்கிடுவேன்.

மறந்துட்டேன். இதே மாதிரி வண்டி வாங்கப்போற கோவிந்தப்பா மத்தியானம் வருவார். அந்த இருபத்திரண்டை நல்லாக் காட்டுங்க. பார்த்துட்டு அந்த மனுஷன் கேட்கத்தான் போறார்:

“மைலேஜ் பிரமாதம் சார், அம்மாவை எங்க இறக்கி விட்டுட்டீங்க?”