இடம் வலம் மாறிய பிரேக்

வானவடி, புனே
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸ்நேஹாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நீயும் மாப்பிள்ளையும் கல்கரியில் நலமாக இருப்பீர்கள், பனியும் தொடங்கியிருக்கும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. அம்மாவின் மணிக்கட்டில் கட்டு அப்படியேதான் இருக்கிறது, இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கை ஆனதால் தலை வாரிவிடுவது நான்தான், நான் பின்னும் சடை தேங்காய் நார்க் கயிறு மாதிரி இருக்கிறதாம். போனில் பேசாமல் ஏன் கைப்பட எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், பரவாயில்லை, மெதுவாகவே வாசி, ஆனால் கடைசி வரை வாசி.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மீதியும் வரும். போன மாதம் மார்க்கெட் பக்கத்துச் சரிவில் வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். கியரில் போடவில்லை, கைபிரேக் இருக்கும்போது அது எதற்கு என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா பின்னால் போய் டிக்கியைத் திறந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள், வண்டி நகர்ந்தது. நான் கத்துவதற்குள் அவள் கையை நீட்டித் தடுக்கப் பார்த்து விழுந்துவிட்டாள், வண்டி அவளை உரசிக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் சக்கரம் அவள் நெஞ்சில் ஏறியிருக்கும். அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு அந்த ஒரு சாண்தான் தெரிகிறது.

அந்த ஆத்திரத்தில்தான் பவுன்ராஜைப் பிடித்துக்கொண்டேன். ஏரவாடாவில் பட்டறை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் நம் குடியிருப்புச் சொசைட்டிக்கு வந்து வண்டிகளைப் பார்ப்பானே, அந்தப் பவுன். ஜூன் மாதம் நம் காருக்குப் பின் பிரேக் ஷூ புதிதாக மாட்டியது அவன்தான். பார்க்கிங்கில் பத்துப் பேர் பார்க்க, கொலைகாரப் பயலே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் குரலை உயர்த்தவில்லை. அங்கிள், நான் சரியாத்தான் மாட்டினேன், ஏக் பார், ஒரே ஒரு தடவ தொறந்து பாக்க உடுங்க என்று மட்டும் கேட்டான். என் வண்டியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். அதன் பிறகு நம் கட்டடத்தில் ஒருவரும் அவனிடம் வண்டி கொடுப்பதில்லை, அவனை இனி கேட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று நாளை மறுநாள் சொசைட்டி மீட்டிங் வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவன் நான்.

நேற்று, மீட்டிங்கில் காட்ட ஆதாரம் வேண்டும் என்று, அவன் செய்த வேலையைப் படம் பிடிக்கப் பின் சக்கரத்தைக் கழற்றினேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பின் சக்கரத்துக்குள் டிரம் என்று ஒரு வட்டமான இரும்புச் சட்டி இருக்கும், அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூ. பிரேக் போட்டால் இரண்டும் விரிந்து டிரம்மை உள்ளேயிருந்து அழுத்தும், கைபிரேக் பிடிப்பதும் இதே ஷூவைத்தான். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும் அல்லவா, அதைச் சரிக்கட்ட நடுவில் அட்ஜஸ்டர் என்று ஒரு திருகு உண்டு, நம் வண்டியில் அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஷூவை டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும். இடது சக்கரத்துத் திருகின் மரை ஒரு பக்கம் சுற்றும், வலது சக்கரத்துடையது எதிர்ப்பக்கம். இரண்டையும் மாற்றிப் போட்டால் நீள்வதற்குப் பதில் சுருங்கும், ஷூ டிரம்மைவிட்டு விலகிக்கொண்டே போகும், கடைசியில் கைபிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பிடி இருக்காது. நேற்று டிரம்மை எடுத்துப் பார்த்தால் ஷூ புதுசு மாதிரி இருக்கிறது, எண்ணெய்க் கசிவு இல்லை, ஸ்பிரிங் எல்லாம் இடத்தில் இருக்கிறது. ஆனால் வலது சக்கரத்து அட்ஜஸ்டரில் இடது பக்க அடையாளம் குத்தியிருந்தது, இடது சக்கரத்ததில் வலது பக்க அடையாளம்.

மாற்றிப் போட்டது பவுன் இல்லை, நான். கட்கி பாக்டரியில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்த புத்தி, இன்னொருவன் முடித்த வேலையைத் திறந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாது. அவன் மாட்டிப் பத்து நாள் கழித்து, அம்மா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் போட்டேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும் என்று சின்ன மெக்கானிக்குக்கும் தெரியும். நானோ பாக்டரியில் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் செய்தித்தாளில் அடுக்கி, இரண்டு அட்ஜஸ்டரையும் ஒரே தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். திருப்திக்காகத் திறந்தேன், திருப்தியோடு மூடினேன். அப்புறம் பெடல் நாளுக்கு நாள் கீழே போனபோது அதையும் பவுன் கணக்கில்தான் எழுதினேன்.

இதைவிட வெட்கமான காரியம் ஒன்று இருக்கிறது. நேற்று அதைக் கண்டதும் ஒரு நொடி கூட யோசிக்காமல் இரண்டையும் இடம் மாற்றிச் சரியாகப் போட்டு, மூடி, கையைக் கழுவிவிட்டு மேலே வந்துவிட்டேன். இனி எவன் வந்து திறந்தாலும் ஒன்றும் தெரியாது. அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே, பவுன் குடும்பம் விளங்காது என்று சபித்தாள். நான் தலையை ஆட்டினேன் ஸ்நேஹா, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இன்று காலை சடை பின்னும்போது சொல்லிவிட்டேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்னால் நின்றதால்தான் சொல்லவே முடிந்தது. என் கை போனது போகட்டும், அவன் வாயிலே விழுந்த மண்ணை யாரு எடுப்பா, இன்னைக்கே போங்க என்றாள். போனேன். பவுன் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான், எழுந்திருக்கவில்லை. அவன் காலைப் பார்த்துத்தான் முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது அங்கிள், மீட்டிங்ல சொல்லுங்க, ஸ்நேஹா அக்கா நெட்டுல போட்டத எடுக்கச் சொல்லுங்க, எம் பொண்ணு அத ஸ்கூல்ல படிச்சுட்டு வந்து அழுவுது என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே மகளே, நான் சொன்னதை நம்பி அவன் பட்டறைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து நீ எழுதியதை இன்றே எடுத்துவிடு. என் அப்பா பெரிய இன்ஸ்பெக்டர், அவர் கண்ணிலிருந்து தவறு தப்பாது என்று அதில் எழுதியிருக்கிறாய், அதை வாசித்துவிட்டு நான் அன்று எட்டுப் பேருக்குக் காட்டினேன். அழித்தால் மட்டும் போதாது. அதே இடத்தில், வேலை சரியாக இருந்தது, பிரித்துக் கெடுத்தது வண்டிக்காரர் அந்தோணி என்று எழுது. வயதானவர், தெரியாமல் செய்துவிட்டார் என்றெல்லாம் பூசி மெழுகாதே. ஞாயிறு பதினோரு மணிக்கு நான் எழுந்து நின்று பேசுவேன், எனக்குத் துணிச்சல் போய்விட்டாலும் உன் எழுத்து அங்கே இருக்கட்டும்.

உன் காரைச் சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்து. உங்கள் இருவரையும் மாதா காப்பாராக. கீழே கோணல்மாணலாக இருப்பது அம்மா இடது கையால் எழுதியது.

இப்படிக்கு,
உன் அப்பா அந்தோணி

அப்பா சொன்னபடியே எழுதிரு மக்கா. இவ்வளவு நாளும் நானும் அவனைச் சபிச்சேன், என் பேரையும் சேத்துப் போடு. அம்மா சாந்தகுமாரி.