ஒற்றைக் காலில்

டிசம்பர் 2, செவ்வாய்

நாளைக் காலை இருட்டோடு எழப்போகிறவளே, நாளைய நானே, மன்னித்துக்கொள். இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவது நான். தூக்கம் கெடப்போவது உனக்கு. வேறு யாரிடம் பேசுவது? அவர் குறட்டையில் இருக்கிறார். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, அடுத்த அறையில். பாப்பாவுக்கு மூக்கடைப்பு, இப்போதுதான் கண்ணை மூடினாள். மூச்சு வருகிறதா என்று நான் விரல் வைத்துப் பார்த்ததில்தான் இரண்டு முறை விழித்துக்கொண்டாள்.

இன்று நான் ஓட்டும் கிரேனின் ஏணி முழுக்கப் பனி. பிடிகம்பி ஒவ்வொன்றும் கண்ணாடிக் குழாய். சிவில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறியவள், புது மருமகள் கதவைத் தட்டுவதுபோல் ஒவ்வொரு படியையும் தட்டித் தட்டி மேலே போனேன். மேலே கூண்டில் ஓர் ஆள் உட்காரலாம். இன்னோர் ஆள் வந்தால் வருத்தப்படலாம். ஹீட்டர் உண்டு, இடது முழங்காலுக்கு மட்டும். இடைவேளையில் பாப்பாவுக்குப் பால் எடுத்து பாட்டிலில் வைத்தேன். ஃபிரிட்ஜ் தேவையில்லை, கூண்டே ஃபிரிட்ஜ்தான்.

அங்கிருந்தே அத்தைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை சொன்னார்: "பாப்பா உசுரோடதான் இருக்கா. நீ இருக்கியா?"

டிசம்பர் 5, வெள்ளி

பக்கத்து வீட்டம்மாவிடம் அத்தை என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் மெல்லியது, காதை ஒட்ட வைக்கும் சிரமம்கூட இல்லை.

"படிச்ச பொண்ணு, சூடா ஒரு ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடலாம்ல? கொக்காட்டம் ஒத்தக் கால்ல நிக்கிற சாமான் மேல ஏறி உக்காந்திருக்கா. வேணாம்னு எவ்வளவோ சொன்னோம். இவளும் ஒத்தக் கால்ல நின்னா."

சூடான அறையில் ஒரு வருடம் உட்கார்ந்துதான் பார்த்தேன். அந்த ஆபீஸில் யாருக்கு டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பொறியியல்தான் மறந்துவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

"மேலிடத்து உத்தரவு" என்றார்கள் வாக்கி டாக்கியில். இந்த வட்டாரத்திலேயே மேலே இருப்பவள் நான். ஆனால் மேலிடம் என்பது கீழே, தகரக் கன்டெய்னர் அறையில், இரண்டு ஹீட்டருக்கு நடுவே சைட் மேனேஜர் என்ற பெயரில் அமர்ந்திருக்கிறது. எட்டாவது மாடிக்கு கான்கிரீட் பேனல்கள் ஏற வேண்டுமாம். ஒவ்வொன்றும் ஓர் அறைச் சுவர் அகலம். காற்றில் தூக்கினால் அது பேனல் இல்லை, கப்பல் பாய்.

மதியம் காற்று வரம்பைத் தாண்டியது. மீட்டர் அலறியது. நிறுத்தினேன்.

"என்னம்மா, காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு பெரியவங்க சொல்லலையா?"

"தூத்தலாம் சார். தூக்கக் கூடாது."

கீழேயிருந்து அபிநயம் அண்ணன் சிரித்தது வாக்கியில் கேட்டது. பேனல் ஏறும் இடத்தில் நின்று எனக்குக் கையால் சைகை காட்டுகிறவர் அவர். பத்து விரலும் பேசும். அதனால் அந்தப் பெயர். மேனேஜர் சிரிக்கவில்லை.

"குளிர் முடியற வரைக்கும் நீங்க டிரயல்லதான் இருக்கீங்க, வேலை நிரந்தரமில்ல. ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கிறது சார். சர்க்கரைக் கணக்கு மாதிரி அதுவும் மறக்காது.

டிசம்பர் 10, புதன்

மீட்டர் உறைந்துவிட்டது. கிரேன் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் காற்றில் சுழலும். அவைதான் காற்றை அளப்பவை. ராத்திரிப் பனியில் இறுகி, அசையாமல் நிற்கின்றன. காற்று கூண்டைப் பிடித்து உலுக்குகிறது, திரையில் பூஜ்யம். மேனேஜரின் கணினியிலும் அதே பூஜ்யம்.

"ஜீரோன்னு காட்டுதே!"

"கிண்ணம் உறைஞ்சு போச்சு சார்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

பிணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சலே இல்லை என்று சந்தோஷப்படும் வைத்தியர்! இன்று தூக்கவில்லை. போகும்போது சொன்னார்: "நாளைக்குக் காலைல பேனல் ஏறணும். இல்லேன்னா, ஏறுறதுக்கு வேற ஆள் இருக்கு."

வீட்டில் அவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். கல்யாணத்தன்று தொடங்கி அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை போனா? திரும்ப அந்த டீ, அந்த சர்க்கரை? சரி, தூக்கிட்டா? அண்ணன் கீழ நிக்கிறாரே. பேனல் ஒரு சுத்து சுத்தினா — வேண்டாம். எழுதக்கூட வேண்டாம். பாப்பா இருமுறா.

டிசம்பர் 11, வியாழன்

தூக்கவில்லை.

காலையில் பேனலைக் கட்டி வைத்திருந்தார்கள். திரையில் பூஜ்யம். வெளியே ஊளை. மாட்டேன் என்றேன்.

"காத்தே இல்லாதப்ப காத்துன்னு சொன்னா நான் என்னன்னு எழுதறது? 'அவங்களுக்குப் பயமா இருந்துச்சு'ன்னு எழுதவா?"

எல்லார் வாக்கியிலும் கேட்கும்படி. கண் எரிந்தது. அழுதால் இந்தக் குளிரில் அதுவும் உறைந்துதான் போகும், எதற்கு வீண்?

"எழுதுங்க சார். ஆனா மேல வந்து பாத்துட்டு எழுதுங்க."

பிறகு அபிநயம் அண்ணன், பாலில் தேன் கலந்த குரலில்: "காத்துதான் இல்லையே சார், ஜோரா ஏறலாம். ஹெல்மெட் எடுத்துட்டு வரட்டுமா?"

இவ்வளவு பேர் கேட்டபின் என்ன செய்வார்? ஏறினார். ஏணி நடுவில் இருக்கும் ஒவ்வொரு தளத்திலும் நின்று இயற்கையை ரசித்தார். கூண்டுக்குள் வந்து சேரும்போது முகம் சாம்பல்; மூச்சு, பாப்பாவின் மூக்கடைப்பு மாதிரி. நான் ஓர் ஓரமாக ஒடுங்கிக்கொண்டேன். திரையைக் காட்டினார். வார்த்தை வரவில்லை, விரல் மட்டும் வந்தது. பூஜ்யம்.

"சரி சார்" என்றேன். கொக்கி வெறுமையாகத்தான் இருந்தது. கிரேனின் கையைத் திரும்பாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவித்தேன். வேலை முடிந்து இறங்கும்போது தினமும் செய்வதுதான். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும், எதிர்த்து நிற்காது.

திரும்பியது. நான் எதையும் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன், சாமி கும்பிட வந்தவள் மாதிரி. நீண்ட இரும்புக் கை மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, எங்களையும் கூண்டோடு இழுத்துக்கொண்டு சுற்றியது. கன்டெய்னர் அறை போனது, தெரு போனது, ஆறு வந்தது. திரையில் பூஜ்யம்.

"நிறுத்தும்மா!"

"எதை சார் நிறுத்த? காத்துதான் இல்லையே."

என் முழங்கால் போர்வையை அவர் இறுகப் பிடித்திருந்ததை இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அந்த நேரத்தில் வரவில்லை. என் உதடு பாப்பா, பாப்பா என்று முணுமுணுத்தது. அவருக்குத் தெரியவில்லை, கண்ணை மூடியிருந்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள்: "காற்றுமானிக் கோளாறு மேலாளரால் நேரில் கண்டறியப்பட்டது." கண்டறிந்தவர் இன்று விடுப்பு.

டிசம்பர் 15, திங்கள்

உறையாத மீட்டர் வந்து மாட்டியாகிவிட்டது. நான் "மேடம்" ஆகிவிட்டேன். கன்டெய்னர் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார் மேனேஜர்.

"நீங்க படிச்சவங்க மேடம். கைக்குழந்தை வேற. பாதுகாப்புப் பிரிவுல ஒரு சீட் இருக்கு, இங்கயே, சூடா. டிரயல் கியல் எதுவும் கிடையாது. நாளைக்குக் காலைல பதில் சொல்லுங்க."

"மேல யாரு சார்?"

"ஒருத்தர் வர்றார். தங்கமான மனுஷன். எதுக்கும் மறுத்துப் பேச மாட்டார்."

போனில் அத்தை, "சாமி கண்ணத் தொறந்துடுச்சு" என்றார். பாப்பாவின் அப்பா சொன்னதை எழுத வேண்டியதில்லை, அதே "பாத்துக்கலாம்". ஏணி இல்லை, பனி இல்லை, பால் எடுக்க ஓர் அறை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? உண்மையாகவே ஆசையாக இருக்கிறது.

இறங்கும்போது அபிநயம் அண்ணனிடம் கேட்டேன். கையுறையைக் கழற்றி விரல்களை ஊதிக்கொண்டே சொன்னார்:

"தாராளமா கீழ வாம்மா. என் பக்கத்துலயே நில்லு. மேல இருந்து என்ன வருதுன்னு ரெண்டு பேருமா அண்ணாந்து பாப்போம்."

இந்த ஆளுக்கு விரல் மட்டும் போதாதா, வாய் எதற்கு?

வீட்டில் பாப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் ஏறப் பார்க்கிறாள். இறக்கிவிட்டால் வீடே அதிரும் அழுகை. மறுபடி அதே கால்.

"அப்படியே அம்மா," என்றார் அத்தை. "ஒத்தக் கால்ல நிக்குது." திட்டா, பாராட்டா? கேட்கவில்லை. பாப்பா விழாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் வைத்துக்கொண்டார், இறக்கிவிடவில்லை.

நனைந்த கையுறைகளை ஹீட்டர் மேல் காயப் போட்டிருக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, பால் பாட்டில், கூண்டுக்கு வேண்டிய எல்லாம் பையில் வைத்தாகிவிட்டது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நீதான், நான் இல்லை. காலையில் எழுந்ததும், மேனேஜர் கேட்பதற்கு முன்னால், சீக்கிரம் பதில் சொல்லிவிடு.