கீதத்தின் நடுவே வந்த கேசரி

ஆகஸ்ட் 15, இரவு

அடுக்ககக் கொடியேற்றத்தில் தேசிய கீதம் என் போனிலிருந்துதான் ஸ்பீக்கரில் ஒலித்தது. ஸ்கூட்டர் ஓட்டும்போது வசதிக்காக, வரும் அழைப்பைத் தானே எடுக்கும்படி வைத்திருந்த போன். கீதம் பாதியில் நின்றுபோய், ஸ்பீக்கரில் என் மனைவியின் குரல் முழங்கியது: "என்னங்க, அந்த செக்ரட்டரி பிளேடு போட்டு முடிச்சாரா? கேசரி ஆறுது!"

அட்டென்ஷனில் விரல்கூட அசையக் கூடாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தவன் நான். போனை அணைக்கக் கை நீட்டாமல் நின்றேன். செக்ரட்டரி மஞ்சுநாத் கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், விட்ட வரியிலிருந்து தானே பாடினார். கரகரத்த குரல். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து கேசரி சாப்பிட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "சூடாவே இருக்கும்மா, சென்னாகிதே" என்று கன்னடத்தில் ருசியையும் மெச்சினார். மனைவி வெளியே வரவேயில்லை.

கொடிக்கு முன்னால் எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியும். நாளை லிஃப்டில் அவர் முன்னால் எப்படி நிற்பது?