கனகலட்சுமிக்கு ஒரு A குறைகிறது

3.5.91, வெள்ளி. அனல்.

மேனாம்பேடு வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: கனகலட்சுமி அக்காவின் கல்யாணப் பத்திரிகையில், ஆங்கிலப் பக்கத்துக்கு எழுத்து தேர்ந்தெடுத்தவர் அவளுடைய தம்பி, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருப்பவர், அடியேன் முரளி.

காலையில் அப்பாவோடு அம்பத்தூர் பிரஸ். மாதிரித் தாளில் பல வகை. மற்றதெல்லாம் ரேஷன் கடை போர்டு. இது ஒன்றுதான் ராஜா காலத்து எழுத்து. அடியில் பாதம், நுனியில் முறுக்கின மீசை, வயிற்றுக்குள் கொடியும் பூவும். எழுத்துக் கோக்கும் தாஸ் அண்ணன், "பழைய ஸ்டாக்கு நைனா. பெரிய ஊட்டுக் கல்யாணத்துக்குத்தான் எடுப்போம்" என்றார். அப்போ நாங்கள் என்ன சின்ன வீடா? (அப்பா எதிரில் கேட்கவில்லை.)

அக்கா மாதிரித் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கனகு. வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லட்சுமி. "ஒரு தபாவாவது முழுப் பேரும் வரட்டும்டா, இதுல."

6.5, திங்கள். புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை.

அநியாயம். பிரஸ்ஸிலிருந்து ஆள். அந்த எழுத்தில் A ஒன்று குறைகிறதாம். ஈய எழுத்து, ஒரு பக்கத்தில் வருவதையெல்லாம் ஒன்றாகக் கோத்துத்தான் அடிக்கணுமாம். புதிதாக வாங்கவும் கிடைக்காதாம். அதனால் KANAGALAKSHMI வேண்டாம், LAKSHMI போதுமாம்.

மாப்பிள்ளை SARAVANAN. பேரில் பாதி A. அதை யாராவது தொட்டார்களா?

அம்மா: "அவுங்க பேர்ல கை வெச்சா சம்பந்தி ஊட்ல இன்னா நெனைப்பாங்க?"

அப்பா: "பொண்ணு யாருன்னு ஊருக்கே தெரியும். வுடு."

பெண் பேர் என்றால் வெட்டலாமா? அது என்ன, பிளவுஸ் பிட்டா?

அக்கா வெங்காயம் அரியப் போனாள். குழம்பில் வெங்காயமே இல்லை.

நாளைக்கு பிரஸ் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்.

7.5, செவ்வாய். கொஞ்சம் மேகம்.

வெற்றி. போனேன், மேஜையைத் தட்டினேன். "எங்கக்கா பேர்ல ஒரு எழுத்து கொறஞ்சாலும் பத்திரிகையே வாணாம்." பிரஸ்ஸே நடுங்கியது. A தானாக வந்தது. வீட்டில் சொன்னதும் அப்பா, "பரவால்ல, புள்ளைக்கு வாய் கீது" என்றார். அக்கா தன் பங்கு ஆம்லெட்டையும் என் தட்டில் வைத்தாள்.

8.5, புதன்.

புரூஃப் வந்தது. முழுப் பேர், மீசையும் பூவுமாக. அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, "அடியில உன் பேரு இன்னாடா எறும்பு மாரி கீது?"

"தன்னடக்கம்."

இங்கேயாவது உண்மை எழுதுகிறேன். நேற்று பிரஸ்ஸில் நான் மேஜையைத் தட்டவில்லை. நான் வாயைத் திறக்குமுன்பே தாஸ் அண்ணன் கோத்து வைத்த எழுத்தைக் காட்டினார். "அந்த A உன் பேர்லதான் கீது நைனா. அப்பாரு டீ குடிக்கப் போனப்போ நீதான கேட்ட, கீழ வாழ்த்தறவங்க வரிசைல உன் பேரும் அதே எழுத்துல, அதே சைஸ்ல வரணும்னு. ஊட்ல சொல்லாதன்னு வேற. அதான் நான் மூச்சு வுடல."

"எடுத்துடுங்கண்ணே" என்றேன். நான் பேசினது அவ்வளவுதான். அதுவும் அவர் காதில் விழவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன்.