மூன்றாம் கவுண்டர்

8 ஜூலை 2025, செவ்வாய்

சாந்தினி வீட்டை விட்டுப் போய் இன்றோடு நான்கு மாதம். ஸ்கூடாயில் தோழிகளோடு அறை எடுத்திருக்கிறாளாம். என் வங்கிக் கிளையும் ஸ்கூடாயில்தான். வீடு இருக்கும் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் மகள் இருக்கும் ஊருக்கே போய், அவளைப் பார்க்காமல் திரும்புகிறேன்.

“நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடன் குடுக்கிற பேங்க்ல வேலை செய்ய உறுத்தலையாம்மா?” என்று கேட்டாள். “உறுத்துனா இந்தச் சோத்தைத் திங்காத, போ,” என்றேன். போய்விட்டாள். இந்த வாயை என்ன செய்வது?

9 ஜூலை, புதன்

மறுபடியும் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

மேற்பார்வையாளர் ஹேமநாதன் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். நிலக்கரிக் கடனை எதிர்த்து நாளை எங்கள் கிளையில் மாணவர்கள் போராட்டமாம். கத்த மாட்டார்களாம். வரிசை எண் எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கணக்கை மூடப் போகிறார்களாம். “சொந்தக்காரங்க வந்தா வேற கவுண்டருக்கு அனுப்பிடுங்க. ரூல் தெரியும்லா.” சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்.

வருவாளா? அவள் பிறந்த மாதமே நான் திறந்த கணக்கு. மூடத்தான் வரட்டுமே, வந்தால் போதும் – என்ன புத்தி இது எனக்கு!

11 ஜூலை, வெள்ளி

வந்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் போராட்ட வாசகம் எழுதிய அட்டை, கையில் எண் 1038. முப்பது பிள்ளைகள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. 1037 பக்கத்துக் கவுண்டருக்குப் போனதும், என்முன் இருந்த பையனை அவசரமாக அனுப்பி வைத்தேன். அவள் எனக்கே வர வேண்டும், அதற்குத்தான். ஒளிக்க என்ன இருக்கிறது?

“1038, மூன்றாம் கவுண்டர்.”

எதிரே உட்கார்ந்தாள். ஹேமநாதன் வந்து நின்றார். எழுந்திருக்கச் சொல்வார் என்று நினைத்தேன். “வாசுகிக்கா, கேள்விய நீங்க கேளுங்க. கம்ப்யூட்டர்ல நான் அடிக்கிறேன்,” என்றார். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

அடையாள அட்டை கேட்டேன். கொடுத்தாள். நகத்தை இன்னும் கடிக்கிறாள்.

“கணக்கை மூடக் காரணம்?”

“நிலக்கரிக்குக் கடன் குடுக்கிறீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க இல்ல. பேங்க்.”

“கணக்கை மூடினதுக்கான கடிதம் தபால்ல வரும். முகவரி மாத்தணுமா?”

கையிலிருந்த எண் சீட்டை நாலாக மடித்தாள்.

“வேணாம்மா. வீட்டு முகவரியே இருக்கட்டும்.”

மொத்தம் ஆறு நிமிடம். அடுத்த எண்ணை ஹேமநாதன்தான் அழைத்தார். நான் கழிவறையில் அழுதுகொண்டிருந்தேன்.

14 ஜூலை, திங்கள்

அவள் சொன்னதில் தப்பில்லை. சண்டை போட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

18 ஜூலை, வெள்ளி

வேலை முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். மின்சாரக் கட்டண ரசீது மட்டும்.

22 ஜூலை, செவ்வாய்

இல்லை.

25 ஜூலை, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. அவள் பெயர், நம் வீட்டு முகவரி. படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. நான் அனுப்பவில்லை. “லெட்டர் வந்திருக்கு” என்று மட்டும் எழுதினேன்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை. கைப்பேசியைக் குளியலறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிறகு வந்தது: “நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்மா. மத்தியானம்.”

மத்தியானம் என்றால் சாப்பிடும் நேரம். நாளை இரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும்.